முகத்துணி: ஏறும்போது பையில், இறங்கும்போது முகத்தில்

கேள்வி இது: "சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், கல்லூரி மாணவன். ஞாயிறு தோறும் விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பி சைக்கிளில் ஏற்காடு ஏறி, ஏரிக்கரையைத் தொட்டுவிட்டு உடனே இறங்கிவிடுவேன். மார்கழி பிறந்ததிலிருந்து இறக்கத்தில் முகம் மரத்துப்போகிறது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, நெற்றியும் காதும் குத்திக் குத்தி வலிக்கின்றன. குரங்குக் குல்லா போட்டுப் பார்த்தேன். மூச்சு முட்டுகிறது, கண்ணாடியில் ஆவி படிகிறது. முகம் கோணிக்கொள்ளும் என்று அம்மா வேறு பயப்படுகிறார். முகத்துக்கு என்ன போடுவது?"

தம்பி, என்ன போடுவது என்பதை அப்புறம் பார்க்கலாம். எப்போது போடுகிறீர்கள் என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். மூச்சு முட்டுகிறது, ஆவி படிகிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், அடிவாரத்திலேயே குல்லாவை மாட்டிக்கொண்டு ஏறுகிறீர்கள் என்று தெரிகிறது. பெரும்பாலோர் செய்வது இதுதான். வீட்டு வாசலில் குளிர்கிறது, மாட்டிக்கொள்கிறோம். மாட்டியது மாட்டியபடியே மலை உச்சி வரை போய்விடுகிறோம். ஆனால் இந்தச் சாலையில் முகத்துக்குக் குளிர் வருவது இறக்கத்தில். ஏற்றத்தில் வருவது வியர்வை. ஏறும்போது நனைந்த முகமும் நனைந்த துணியுமாக இறங்க ஆரம்பித்தால், உலகத்திலேயே விலை உயர்ந்த குல்லாவை வாங்கிப் போட்டாலும் மரத்துத்தான் போகும்.

இருபது வருடமாக இந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மிதித்துக்கொண்டிருக்கிறேன். முதல் மூன்று நான்கு குளிர்காலம் நானும் உங்களைப் போலவே பட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் குளிர் எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். உயரம் ஏற ஏற 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் நமக்கும் ஏற்காட்டுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம். கீழே விடியற்காலையில் 19 டிகிரி என்றால் மேலே 11. மார்கழி, தை மாதங்களில் சில நாள் 10ஐ ஒட்டியும் இறங்கும். (விடியற்காலையில் இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வராது. காற்றில்லாத, மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துப்போய் மலைச்சரிவிலிருந்து வழிந்து கீழே தேங்கும். கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் சில்லென்று அடிக்கிறதே, இரண்டு வளைவு ஏறியதும் கொஞ்சம் கதகதப்பாகிறதே, அதற்குக் காரணம் இதுதான்.)

பத்து பதினோரு டிகிரி என்பது ஒன்றும் பயங்கரமான குளிர் இல்லை. அதே குளிரில் ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு சட்டையோடு நின்று காபி குடிக்கிறார்கள். சைக்கிள்காரனுக்கு மட்டும் ஏன் முகம் மரக்கிறது? காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம், அதனால்தான். ஏறும்போது மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர். இறங்கும்போது 30, 40. மரத்தில் ஒரு இலைகூட அசையாத காலையிலும் உங்கள் முகத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது.

காற்று சேர்ந்தால் குளிர் எவ்வளவு கூடும் என்பதை முதன்முதலில் முறையாக அளந்தது அண்டார்க்டிகாவில். 1941 குளிர்காலத்தில் சைப்பிள், பாசல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு சிறிய பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று குறித்தார்கள். வெகுகாலம் அந்தக் கணக்குதான் புழக்கத்தில் இருந்தது. 2001-ல் கனடாவும் அமெரிக்காவும் அதை மாற்றின. இந்த முறை உருளைக்குப் பதில் மனிதர்களையே குளிர்ந்த காற்றுக்கூண்டில் நடக்கவிட்டு, அவர்கள் முகத்தில் உணரிகளை ஒட்டி அளந்தார்கள். இன்று வானிலை அறிக்கையில் 'உணரப்படும் குளிர்' என்று அந்த நாடுகள் சொல்வது முகத்தை வைத்துப் போட்ட கணக்கு. அந்தச் சூத்திரத்தில் நம் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் 6 டிகிரி போல இருக்கும். 30 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 7 டிகிரி.

நான்கு டிகிரிதானா வித்தியாசம் என்று தோன்றும். காய்ந்த முகத்துக்கு அவ்வளவுதான். எவ்வளவு வேகமாக இறங்கினாலும் காய்ந்த தோலை சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக்கக் காற்றால் முடியாது. 10 டிகிரிக் காற்றில் உங்கள் மூக்கு உறைந்து கருகிவிடாது. அந்தப் பயம் வேண்டாம். ஈரமான முகத்தின் கதை வேறு. வீட்டில் மண்பானைத் தண்ணீர் எப்படிச் சில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசிந்த ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 80 கிலோ கலோரி போதும். அதே ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வேண்டும். வியர்வையில் ஊறிய முகத்தோடு இறங்கினால், முகத்தையே மண்பானையாக்கி அதற்கு விசிறியும் போட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏறும்போது பெடலில் 150 வாட்ஸ் சக்தி கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பு தின்னும் எரிபொருளில் கால்வாசிதான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடு. ஆக, ஏறும்போது நீங்கள் ஏறத்தாழ 450 வாட்ஸ் சூடு உமிழும் அடுப்பு. அந்தக் காலத்து நூறு வாட்ஸ் குண்டு பல்பு நான்கைந்தை உடம்புக்குள் எரியவிட்ட மாதிரி. உச்சியில் திரும்பியதும் மிதிப்பது நின்றுவிடுகிறது. ஒரே ஒரு பல்பு மட்டும் எரிகிறது. அடுப்பு அணைந்த அந்த நேரத்தில்தான் ஈரமும் காற்றும் சேர்ந்து வருகின்றன. அடிவாரம் வரை அரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் வருகின்றன. உடம்பின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும், இதயம், நுரையீரல் இருக்கும் இடத்தைக் காப்பாற்றுவதற்காக உடம்பு கை, காது, மூக்கு நுனிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். முகத்தைக் காப்பாற்ற நெஞ்சைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கிளம்பும்போது குளிர்ந்தால் கழுத்தில் மெல்லிய துணி ஒன்று இருக்கட்டும். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் அதையும் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். முதல் இரண்டு வளைவு குளிராகத்தான் இருக்கும். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், மூன்றாவது வளைவில் உடம்பு தானாகச் சூடாகிவிடும். ஏறும்போது முகம் திறந்தே இருக்க வேண்டும். நெற்றியில் மட்டும் ஒரு பட்டை கட்டிக்கொள்ளலாம், வியர்வை கண்ணுக்குள் இறங்காது. அந்தப் பட்டையோடு இறங்கக் கூடாது, மேலே போனதும் கழற்றிவிட வேண்டும். கடைசி ஒரு கிலோமீட்டரைச் சும்மா காலைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போங்கள். நேரம் பார்த்து, விரட்டி முடித்து, வியர்வை சொட்டச் சொட்ட ஏரிக்கரையில் நிற்பதைத்தான் நானும் பெருமையாக நினைத்திருந்தேன். வெயில் காலத்தில் அதைச் செய்யலாம். மார்கழியில் வேண்டாம்.

மேலே போனதும் முதல் வேலை துடைப்பது. பையில் ஒரு சின்ன ஈரிழைத் துண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் காய்ந்தபடி இருக்கட்டும். முகம், காதின் பின்பக்கம், கழுத்து, தலைமுடி, தாடி வைத்திருந்தால் தாடி, எல்லாவற்றையும் ஒற்றி எடுங்கள். அடுத்தது உள்பனியன். நனைந்த பனியனைக் கழற்றிவிட்டுக் காய்ந்த ஒன்றைப் போடுங்கள். இடம் பார்த்துச் சட்டென்று மாற்றிவிடலாம். இந்த ஒரு வேலைக்கு ஈடாக இதில் வேறு எதுவும் இல்லை. அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை, அதாவது விண்ட்சீட்டர். விண்ட்சீட்டர் இல்லாத நாட்களில் நான் ஒரு நாளிதழ் வாங்கி, நான்கு தாளைச் சட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரித்து வைத்துக்கொள்வேன். பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் மலை உச்சியில் ரசிகர்கள் நீட்டும் செய்தித்தாளை வாங்கி நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்கிய பழைய வழக்கம்தான் இது. அவர்களுக்கு ஆல்ப்ஸில் உதவியது நமக்குச் சேர்வராயன் மலையில் உதவாமல் போகாது.

பிறகு காத்திருங்கள். நீங்கள் உடனே இறங்கிவிடுவேன் என்று எழுதியிருப்பதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. ஒரு நாளின் மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவு அல்ல. சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான். நாலரைக்குக் கிளம்பி ஏழு மணிக்கு மேலே போய், ஏழே காலுக்குத் திரும்பினால் அந்தக் குளிரின் உச்சத்தில் இறங்குகிறீர்கள். எட்டரை, ஒன்பது வரை இருந்துவிட்டுப் புறப்பட்டால் சில டிகிரி தானாகவே ஏறியிருக்கும். மூடுபனியும் பெரும்பாலும் கலைந்திருக்கும். சாலையிலும் வெளிச்சம் வந்திருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தைக் காய்ந்த உடையில் உட்கார்ந்து கழிக்க வேண்டும். நனைந்த சட்டையோடு காத்திருந்தால் இறங்காமலேயே நடுங்கிப்போவீர்கள். சூடாக ஒரு காபி குடியுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியை நட்டு வளர்த்தார். கீழே சேலத்து வெயிலில் நிற்காத அரபிக்கா செடி இங்கே சில்வர் ஓக் நிழலில் தழைக்கிறது. உங்கள் முகத்தைக் கடிக்கிற இந்தக் குளிர்ச்சிக்குக் காபியும் கடன்பட்டிருக்கிறது.

இனி துணிக்கு வருவோம், உங்கள் கேள்வியே அதுதானே. குரங்குக் குல்லா நம் தாத்தாக்கள் பனியில் நடந்துபோகப் போட்டது. நடக்கிறவருக்கு மூச்சு மெதுவாக வரும். சைக்கிளில் மூச்சு வாரி இறைக்கும். தடித்த கம்பளி அந்த மூச்சின் ஈரத்தையெல்லாம் குடித்துக் கனத்துப்போய் வாயோடு ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் முட்டுகிறது. தடித்த குல்லாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் மேல் ஹெல்மெட்டை வைத்தால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, மேலே தூக்கி நிற்கும். விழுந்தால் அது நழுவிவிடும். ஹெல்மெட்டுக்கு உள்ளே எது போட்டாலும் பனியன் துணி கனத்துக்கு மேல் போகக் கூடாது. போட்ட பிறகு தலையை ஆட்டிப் பார்த்து, பின்பக்கத் திருகையும் தாடை வாரையும் மறுபடி சரிசெய்துகொள்ளுங்கள்.

நான் பரிந்துரைப்பது பஃப் என்று கடையில் விற்கும் குழாய் வடிவத் துணி. பைக் மாஸ்க் என்றும் சொல்கிறார்கள். கழுத்தில் மாட்டினால் கழுத்துக்கு, ஏற்றினால் வாய்க்கு, இன்னும் ஏற்றினால் மூக்குக்கு. காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. விளையாட்டுக்குப் போடும் பாலியஸ்டர் டீசர்ட் பழசு வீட்டில் ஒன்று கிடக்கும், அநேகமாகத் திருப்பூரில் தைத்ததாகவே இருக்கும். உங்கள் தலை நுழையும் அகலத்துக்கு அதன் உடல்பகுதியில் ஒரு முழ நீளத் துண்டை வெட்டி, பக்கத்தில் ஒரு தையல் போட்டால் குழாய் தயார். ஏன் பாலியஸ்டர் என்றால், அந்த நூல் தண்ணீரைக் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். ஈரம் நூலுக்கு நடுவே நின்று சீக்கிரம் காற்றோடு போய்விடும். பருத்தி அப்படி இல்லை, குடித்து வைத்துக்கொள்ளும். நெசவு ஊரில் பிறந்தவன் பருத்தியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பருத்தித் துண்டு முகத்தைத் துடைப்பதற்குத்தான். இறக்கத்தில் முகத்தில் கட்டுவதற்கு அது ஆகாது. மெல்லிய ஆட்டு ரோமத் துணி கிடைத்தால் எல்லாவற்றையும்விட நல்லது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தோலுக்கு நனைந்த உணர்வைத் தராது. விலைதான் கூடுதல். மஃப்ளரோ, துண்டோ, துப்பட்டாவோ எதைச் சுற்றினாலும் முனையைச் சட்டைக்குள் செருகாமல் சைக்கிளில் ஏறாதீர்கள். தொங்கும் முனை சக்கரத்தில் சுற்றினால் கழுத்தைத்தான் இழுக்கும்.

இறங்கும்போது அந்தக் குழாயை எங்கே நிறுத்துவது? கழுத்து முழுக்க மூடியிருக்கட்டும், முகத்துக்கு ஏறும் ரத்தம் அந்த வழியாகத்தான் போகிறது. துணியின் மேல்விளிம்பு மூக்குத் தண்டின் நடுவில் இருந்தால் கன்னமும் மூக்கும் பிழைக்கும். ஆனால் மூச்சுக்காற்று மேல்விளிம்பு வழியாகக் கண்ணாடிக்குப் போய்விடும். நம் மூச்சு ஏறத்தாழ உடம்புச் சூட்டில், ஈரம் நிறைந்து வெளியே வருகிறது. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் நீராகப் படிகிறது. இறக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடுவதால் பெரும்பாலும் படியாது. நின்றால்தான் படியும். அதனால் நிற்கும்போது துணியை மோவாய்க்கு இறக்கிவிடுங்கள். ஓடும்போதும் படிந்தால், விளிம்பை மூக்குத் துளைக்குக் கீழே இறக்கி, வாயை மட்டும் மூடி, மூக்கால் மூச்சு விடுங்கள். மிதிக்காமல் இறங்குவதால் மூக்கு மூச்சே போதும். கிளம்புமுன் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் சோப்பைக் கண்ணாடியின் உட்பக்கத்தில் தடவி, கழுவாமல் மெல்லிய துணியால் துடைத்து வைத்தால் ஆவி படிவது நன்றாகவே குறையும். இந்தச் சரிசெய்தல் எல்லாவற்றையும் நின்றுகொண்டு செய்யுங்கள். வளைவுக்குள் ஒரு கையை எடுத்து மூக்குத் துணியை இழுக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

கண் விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு தை மாதக் காலையில் 60 அடி பாலத்துக்கு மேலே கண்ணாடி இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணிலும் தண்ணீர் நிரம்பி, சாலை இரண்டு மூன்றாகத் தெரிந்தது. இமைத்து இமைத்துப் பார்த்துக்கொண்டே வந்ததில் நடுச்சாலையில் கிடந்த கல்லை மிகக் கிட்டே வந்தபிறகுதான் கண்டேன். பிரேக் பிடித்ததில் பின்சக்கரம் வழுக்கி, தடுப்புச் சுவரை உரசி நின்றேன். எதிரே வண்டி எதுவும் வராததால் தப்பித்தேன். குளிர் முகத்துக்குச் செய்யும் மிகப் பெரிய கேடு வலி அல்ல. பார்வையைப் பறிப்பதுதான். கண்ணின் மேல் உள்ள மெல்லிய நீர்ப்படலத்தைக் காற்று உலர்த்திவிடுகிறது. கண் அதை ஈடுகட்ட ஒரேயடியாகச் சுரந்து தள்ளுகிறது. காற்றைத் தடுத்தால் இந்தச் சுரப்பு நின்றுவிடும். கன்னத்தோடு வளைந்து பொருந்தும் நிறமற்ற கண்ணாடி வேண்டும். சைக்கிள் கடையில் விலை அதிகம் என்று தோன்றினால், ஹார்டுவேர் கடையில் பட்டறைக்காரர்கள் போடும் வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்கும். அதுவே போதும். விடியற்காலையில் கறுப்புக் கண்ணாடி போடாதீர்கள். மேகத்துக்குள் போனால் கண்ணாடியின் வெளிப்பக்கம் நீர்த்துளி ஒட்டும். விரலால் ஒருமுறை வழித்துவிட்டு வேகத்தைக் குறையுங்கள். முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும்.

நெற்றியிலும் புருவத்திலும் குத்துகிறதே, அது முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் ஐந்தாவது மூளை நரம்பின் வேலை. ஐஸ் அவசரமாகச் சாப்பிட்டால் நெற்றி சுள்ளென்று பிடிக்குமே, அதிலும் இதே நரம்புக்குத்தான் பங்கு. ஹெல்மெட்டின் முன் துளைகள் வழியாகக் காற்று நேராக நெற்றியில் அடிப்பதால் வருகிறது. புருவம் வரை இறங்கும் மெல்லிய பட்டை ஒன்று, காய்ந்ததாக, இறங்கும்போது மட்டும் போடுங்கள். அதையே அகலமாக எடுத்துக் காதையும் சேர்த்து மூடிவிடலாம். காது பெரும்பாலும் குருத்தெலும்பும் மெல்லிய தோலும்தான், மடலின் நுனி தவிர கொழுப்பு கிடையாது. குளிரை முதலில் அறிவது அதுவே. ஆனால் காதில் பஞ்சு அடைக்காதீர்கள். இந்த வளைவுகளில் கீழிருந்து வரும் பஸ் ஹாரன் அடித்துத்தான் வரும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி, சைக்கிளில் போகும் நாமும் அதை மதித்தே இறங்க வேண்டும். மெல்லிய பட்டை காற்றைத் தடுக்கும், ஹாரனைத் தடுக்காது.

மூக்கு ஒழுகுவது சளி அல்ல. உள்ளே போகும் குளிர்ந்த வறண்ட காற்றைச் சூடாக்கி ஈரமாக்க மூக்கு கூடுதலாகச் சுரக்கிறது, அவ்வளவுதான். கைக்குட்டை போதும்.

எண்ணெய், கிரீம் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. உதட்டுக்கு வாசலினோ நெய்யோ தடவுங்கள், பனிவெடிப்பு வராது. கன்னத்துக்கும் ஒரு பூச்சுப் பூசினால் தோல் வறளாது. ஆனால் அது சூடு தரும் என்று நம்பாதீர்கள். பின்லாந்தில் ராணுவப் பயிற்சி பெறும் இளைஞர்களிடம் ஆராய்ந்தபோது, குளிருக்கு என்று முகத்தில் களிம்பு பூசியவர்களுக்கு உறைகாயம் குறையவில்லை, கூடுதலாகத்தான் இருந்தது. பூசியிருக்கிறோம் என்ற தைரியத்தில் மூட மறந்துவிடுகிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஏற்காட்டில் கட்டியாகத்தான் எடுக்க வேண்டும். எதைப் பூசினாலும் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் போகாமல் பாருங்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அடிவாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாவும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏங்கண்ணு, இந்தப் பனியில மொகத்தத் தெறந்து போட்டுக்கிட்டு வர்ற, மொகம் கோணிக்கிட்டா என்ன பண்ணுவ?" என்பார். நம் ஊரில் முகவாதத்தைப் பனிக்காற்றோடு சேர்த்தே பேசுவார்கள். முகம் மரத்துப்போவது வேறு, கோணிக்கொள்வது வேறு. மரப்பது ஐந்தாவது நரம்பின் உணர்ச்சி குளிரில் மந்தமாவது. தசையும் குளிர்ந்துவிடுவதால் பேச்சு கொஞ்சம் குழறும். காற்றில்லாத இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இரண்டும் சரியாகிவிடும். முகவாதம் என்பது முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு வீங்குவதால் வருவது. வாயோரம் புண் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கு அதில் பங்கு இருப்பதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். பனிக்காற்றுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அம்மாவும் நீங்களும் நினைவில் வையுங்கள். சூடான பிறகும் ஒரு பக்கக் கண் மூடவில்லை, சிரித்தால் வாய் ஒரு பக்கம் போகிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தக் கூடாது. முகவாதத்துக்கு முதல் 3 நாளுக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். அதோடு கையோ காலோ சோர்ந்தால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மட்டும் நான் மேலே சொன்ன விதியில் ஒரு மாற்றம். குளிர்ந்த வறண்ட காற்றை வேகமாக இழுத்தால் அவர்களுக்கு மூச்சுக்குழல் சுருங்கும். அவர்கள் ஏறும்போதும் வாய்க்கு முன்னால் மெல்லிய துணியைத் தளர்வாக விட்டுக்கொள்வது நல்லது. வெளிவிடும் மூச்சின் சூடும் ஈரமும் துணியில் தங்கி, அடுத்த மூச்சோடு உள்ளே போகும். நனைந்தால் மாற்ற இன்னொரு துணி பையில் இருக்க வேண்டும். மருத்துவர் சொன்னபடி இன்ஹேலரை எடுத்துக்கொண்டு, மெதுவாக ஏறலாம். முகத்தில் திடீரென்று குளிர் பட்டால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பின் வேகமும் மாறும். அதனால் நெஞ்சுவலி வந்தவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் விடியற்காலை இறக்கத்தைத் தவிர்த்து வெயில் வந்தபிறகு இறங்கட்டும். உங்கள் வயதில் இது கவலை இல்லை. ஆனால் அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போனால் நினைவில் இருக்கட்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 40-ல் இறங்குவதை 25 ஆக்கினால் முகத்தில் அடிக்கும் காற்றும் அந்த அளவுக்குக் குறைகிறது. இதற்குக் காசு செலவே இல்லை. இரண்டு மூன்று இடத்தில் நின்று, கையைக் கோப்பையாக்கி வாய்மூச்சைக் கன்னத்திலும் மூக்கிலும் பிடித்துவிட்டு மறுபடி கிளம்புங்கள். நிற்பதால் பிரேக்கும் விரல்களும் ஓய்வெடுத்துக்கொள்ளும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இது இருக்கிறது, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

வரும் ஞாயிறு இரண்டை மட்டும் செய்து பாருங்கள். குல்லாவை வீட்டில் வைத்துவிட்டு, காய்ந்த பனியன் ஒன்றும் குழாய்த்துணி ஒன்றும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போய் மாற்றிக்கொண்டு, எட்டரை மணி வரை உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள். எப்படி இருந்தது என்று எழுதுங்கள். கன்னம் சரியாகி, காது வலி மட்டும் மிச்சம் இருந்தால், ஹெல்மெட்டுக்குள் பட்டை எந்த இடத்தில் உட்கார்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.